பாலம் தாண்டினால் வாய்ப்பூட்டு!

எனக்குச் சர்க்கரை வியாதி, 14 வருஷமாக. எனக்கு ஒரே மகள். அவள் ஒரு டயட்டீஷியன். இந்த மூன்று வாக்கியங்களையும் சேர்த்துப் படித்தால், என் வாழ்க்கையில் இனிப்பு என்பது எந்த அளவுக்கு இருக்கும் என்று உங்களுக்கே விளங்கும்.

2023 கோடையில் நானும் வீட்டுக்காரியும் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மெம்ஃபிஸ் இருப்பது டென்னசி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில். தெற்கே காரை விட்டால் அரை மணியில் மிசிசிப்பி மாநிலம். மேற்கே பாலம் ஏறி மிசிசிப்பி ஆற்றைத் தாண்டினால் ஆர்கன்ஸா மாநிலம். (எழுதும்போது கடைசியில் ஒரு 'ஸ்' போடுவார்கள். அதை வாய்விட்டுச் சொன்னால் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்!) மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் முச்சந்தி. ஆனால் எல்லையில் செக்போஸ்ட் இல்லை, தடுப்புக் கம்பு இல்லை. 'நல்வரவு' என்று ஒரு பலகை, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மிசிசிப்பிப் பக்கம் சவுத்ஹேவன் என்ற ஊருக்குச் சாமான் வாங்கப் போனோம். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் டோனட். நம்ம ஊர் மெதுவடையை ஜீராவில் குளிப்பாட்டிப் பட்டுத்துணி போர்த்தியது போல உட்கார்ந்திருந்தது. மகள் அந்தப் பக்கம் கீரை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அப்பா! அதைக் கீழ வைங்க!"

அவளுக்கு முதுகிலும் கண். மாட்டிக்கொண்டவனுக்கு வாய் நீளம் அல்லவா?

"கண்ணு, இது மிசிசிப்பி. உன்ற லைசென்ஸு டென்னசியோட சரி. இந்த மண்ணுல நின்னுக்கிட்டு சாப்பாட்டு விஷயத்துல நீ எனக்குப் புத்தி சொல்றது சட்டப்படி குத்தம்!" என்றேன்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். முகம் சுண்டிப் போய்விட்டது. வீடு வந்து சேரும்வரை பேச்சே இல்லை. வீட்டுக்காரி பின்சீட்டிலிருந்து என் தோளில் ஒரு இடி இடித்து, "ஏனுங்க, உங்களுக்கு வேற பேச்சே கெடைக்கலீங்களா?" என்றாள்.

அன்று ராத்திரிதான் மகள் அந்தப் பாட்டியின் கதையை முழுசாகச் சொன்னாள்.

* * *

அதற்கு முன்னால் லைசென்ஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் டயட்டீஷியன் ஆவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அங்கீகாரம் பெற்ற படிப்பு, மேற்பார்வையில் ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி, அப்புறம் நாடு முழுமைக்கும் ஒரே பரீட்சை. 2024 ஜனவரியிலிருந்து முதுகலைப் பட்டம் இல்லாமல் அந்தப் பரீட்சையே எழுத முடியாது. பாஸ் பண்ணின பிறகும் சும்மா விடமாட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 75 பாயின்ட் கணக்கில் புதிதாகப் படித்ததைக் காட்டவேண்டும்.

என் மகள் கோவையில் படித்தவள். அந்தப் படிப்பு இந்தப் படிப்புக்குச் சமம்தான் என்று நிரூபிக்க, மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் முத்திரை குத்தி அனுப்பவேண்டும். அதற்காக நான் நாமக்கல்லுக்கும் கோவைக்கும் நாலு தடவை பஸ் ஏறினேன். கையெழுத்துப் போடுகிறவர் இருந்த நாளில் முத்திரை குத்துகிறவர் லீவு. முத்திரைக்காரர் வந்த நாளில் இங்க் பேடு காய்ந்திருந்தது. எல்லாம் முடிந்து, அவள் மேற்கொண்டு படித்து, பரீட்சையும் தேறினாள். முதல் வேலை கலிபோர்னியாவில். அந்த மாநிலத்தில் டயட்டீஷியனுக்குத் தனி லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. தேசியப் பதிவு இருந்தால் போதும்.

பிறகு மாப்பிள்ளைக்கு மெம்ஃபிஸில் வேலை கிடைத்தது. விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான். ஆனால் இறங்கின இடத்தில் அவள் டயட்டீஷியன் இல்லை! டென்னசியில் மாநில வாரியத்தின் லைசென்ஸ் இல்லாமல் அந்த வேலை பார்க்கக் கூடாது. அதே பெண், அதே படிப்பு, அதே தேசியப் பரீட்சை. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி அந்த முத்திரை குத்திய உறை. லைசென்ஸ் வரும்வரை வீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்கு மட்டும் டயட் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மாதங்களில் அவர் ஆறு கிலோ இளைத்துவிட்டார், பாவம்.

இதுவாவது பரவாயில்லை. இன்னொரு பெண்மணியும் கலிபோர்னியாவிலிருந்து விமானப்படைக் கணவரோடு ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனவர். இவர் டயட்டீஷியன் இல்லை. கலிபோர்னியாவில் லைசென்ஸ் கேட்காததால் சாப்பாட்டு ஆலோசனை சொல்லிச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். ஃப்ளோரிடாவிலும் அதையே செய்தார். 2017-ல் 500 டாலர் அபராதமும், அவரைத் துப்புத் துலக்கிய செலவாக 254 டாலரும் தீட்டிவிட்டார்கள். அவரும் விடாமல் கோர்ட்டுக்குப் போனார். 2022-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்.

* * *

ஏன் இப்படி மாநிலத்துக்கு மாநிலம் வேலி? அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் டென்ட் என்ற டாக்டர். மாநிலம் ஏற்றுக்கொள்ளும் பட்டம் இல்லை, ஆனால் வருஷக்கணக்கில் வைத்தியம் பார்த்தவர். மாநிலம் புதுச் சட்டம் போட்டு அவரை நிறுத்தியது. 1889-ல் உச்ச நீதிமன்றம், 'மக்களைப் போலி வைத்தியர்களிடமிருந்து காப்பாற்றுவது மாநிலத்தின் உரிமை' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்புதான். கண்டவன் கண்ட மருந்தைப் புட்டியில் அடைத்து விற்ற காலம் அது. அன்றைக்குப் போட்ட வேலி, பிறகு நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன் என்று ஒவ்வொருவரைச் சுற்றியும் வளர்ந்துவிட்டது.

அப்போது டாக்டரும் நோயாளியும் ஒரே அறையில் இருந்தார்கள். இப்போது வீடியோவில் வைத்தியம். வீடியோ வைத்தியத்தில் சட்டம் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். பேசுகிறவர் எங்கே இருக்கிறார் என்பது அல்ல, நோயாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கணக்கு. அவர் உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் நமக்கு வேண்டும். 2020-ல் கொரோனா வந்தபோது பல மாநிலங்கள் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தின. கொரோனா ஓய்ந்ததும் தளர்வும் ஓய்ந்துவிட்டது.

இனி பாட்டி.

பெயர் சொல்லமாட்டாள் மகள். அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறதாம். மெம்ஃபிஸ்காரப் பாட்டி, வயது 78. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து சிறுநீரகத்தை முக்கால்வாசி தின்றுவிட்டன. இன்னும் டயாலிசிஸுக்குப் போகவில்லை. போகாமல் தள்ளிப்போடுவதுதான் என் மகளின் வேலை. உப்பில் கட்டுப்பாடு, பொட்டாசியத்தில் கட்டுப்பாடு. உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடவேண்டும். வாழைப்பழம், தக்காளி, ஆரஞ்சு எல்லாம் அளவு. மாதம் இரண்டு தடவை வீடியோவில் பேசுவார்கள். இவள் வத்தக்குழம்பு பற்றிச் சொல்ல, அந்தப் பாட்டி சோளரொட்டி பற்றிச் சொல்ல, இரண்டு பேரும் தோழிகள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

அந்த வருஷம் பாட்டியின் கணவர் இறந்துபோனார். தனியாக இருக்கவேண்டாம் என்று பாட்டியை அவர் மகள் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். எங்கே? பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆர்கன்ஸாவில்.

அவ்வளவுதான். மகள் வேலை செய்த இடத்தில் சட்டதிட்டம் பார்க்கும் அம்மாள் வந்து, "இனி அவரோடு பேசாதே. நமக்கு அங்கே லைசென்ஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளைக் குறை சொல்லவும் முடியாது. மீறிப் பேசினால் போவது என் மகளின் லைசென்ஸ். ஆர்கன்ஸாவில் வேறு டயட்டீஷியனுக்கு நாள் கேட்டார்கள். ஏழு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

பாட்டியின் மகளுக்கு அம்மா மேல் உயிர். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாரே என்று கடையில் தேடி, 'உப்புக்குப் பதில் உப்பு' என்று ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். அதில் சோடியம் கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று நினைத்திருக்கிறாள். சோடியம் இல்லை, சரி. அதற்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம் குளோரைடு! நல்ல சிறுநீரகம் மிச்சப் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் தள்ள முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் முன்னறிவிப்பில்லாமல் நின்றுபோகலாம்.

பாட்டி ஒரு புதன்கிழமை கிளினிக்குக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்: 'ஸ்வீட்டி, இப்போது எனக்கு ருசியான உப்புக் கிடைத்துவிட்டது, இது நல்லதுதானே?' பாட்டியின் பெயர் மகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. செய்தி எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு எதையோ தேடியபோது தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கிறது.

"கை கால் உதறிடுச்சுப்பா" என்றாள் மகள்.

போனை எடுக்கப் போனவளுக்குப் பாலம் ஞாபகம் வந்தது. பக்கத்து அறையில் ஒரு நர்ஸ், கோட்டயத்துப் பெண். ஓடிப்போய் அவளிடம் சொன்னாள். அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. உடனே ஆர்கன்ஸாவுக்குப் போன் போட்டாள். "பாட்டி, அந்த உப்பைத் தொடாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுங்க." ரத்தத்தில் பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தது. 5-ஐத் தாண்டினாலே கவலைப்படவேண்டிய விஷயம். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இறக்கினார்கள். பாட்டி பிழைத்தார்.

நான் கேட்டேன்: "அந்த நர்ஸுக்கு மட்டும் எப்படிச் செல்லுது?"

"அவளோட லைசென்ஸ் ரெண்டு மாநிலத்துலயும் செல்லும்ப்பா. அவங்களுக்கு ஒப்பந்தம் இருக்கு. எங்களுக்கு இல்ல."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ரெண்டு நாள்ல பாட்டி செத்துப் போயிருந்தாக்கூட, சட்டப்படி நான் பண்ணினது சரி. அதுதான்ப்பா எனக்குத் தாங்கல."

டோனட்டை நினைத்து வெட்கப்பட்டேன்.

* * *

நான் 34 வருஷம் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் குப்பை கொட்டியவன். டயட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பர்மிட் பற்றித் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மகள் அமெரிக்க ஒப்பந்தங்களை விளக்க விளக்க, "அட, இது நம்ம லாரிக் கதை!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் முதலாளி சொல்வார்: 1975-ல் நேஷனல் பர்மிட் வருவதற்கு முன்னால், ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகக் கவுன்ட்டர் சிக்னேச்சர் வாங்காமல் வண்டி எல்லை தாண்டாது என்று. பர்மிட் வந்த பிறகும், எந்தெந்த மாநிலத்துக்குப் பணம் கட்டியிருக்கிறோமோ அங்கேதான் ஓடும். 2010-ல்தான் ஒரே கட்டணம், நாடு முழுக்க ஓடலாம் என்று ஆனது. அந்த டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்பது பிரச்னையே இல்லை. ஓசூரில் ஓட்டத் தெரிந்தவனுக்கு அத்திப்பள்ளியில் மறந்தா போகும்? தாளில்தான் தகராறு.

அமெரிக்காவில் நர்ஸ்களுக்கு 2000-ம் வருஷமே இந்த நேஷனல் பர்மிட் வந்துவிட்டது. சொந்த மாநிலத்தில் ஒரே லைசென்ஸ், ஒப்பந்தத்தில் சேர்ந்த எல்லா மாநிலத்திலும் செல்லும். இப்போது 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. டென்னசி, ஆர்கன்ஸா இரண்டும் உண்டு. கோட்டயத்துப் பெண் யோசிக்காமல் போன் போட்டது அதனால்தான்.

டாக்டர்களுக்கு வேறு மாதிரி. 2017-லிருந்து நடைமுறையில் இருக்கும் அவர்கள் ஒப்பந்தத்தில் ஒரே லைசென்ஸ் கிடையாது. மாநிலத்துக்கு ஒன்றாகத் தனித்தனி லைசென்ஸ்தான். ஆனால் தகுதியை ஒருமுறை சரிபார்த்துவிட்டால் மற்ற மாநிலங்கள் சடசடவென்று கொடுத்துவிடும். க்யூவில் நிற்காமல் தனிக் கவுன்ட்டரில் வாங்குகிற மாதிரி.

டயட்டீஷியன்களுக்கு எழுதியிருப்பது மூன்றாவது ரகம். சாட்சாத் எங்கள் கவுன்ட்டர் சிக்னேச்சர்! சொந்த மாநில லைசென்ஸ் ஒன்று கையில் இருக்கவேண்டும். எந்த மாநிலத்தில் வேலை பார்க்கவேண்டுமோ அதற்குக் கட்டணம் கட்டி ஓர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். முத்திரை உறையெல்லாம் மறுபடி வேண்டாம். ஆனால் அந்த மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்படவேண்டும். தப்பு செய்தால் அந்த மாநிலமே அனுமதியைப் பிடுங்கும், செய்தியும் எல்லா மாநிலத்துக்கும் போய்விடும். ஓரிடத்தில் துரத்தப்பட்டவர் இன்னோரிடத்தில் போர்டு மாட்ட முடியாது. வேலி போட்டவர்கள் பயந்தது எதற்கோ, அதற்கும் இதில் வழி இருக்கிறது.

இந்த ஒப்பந்தம் சும்மா கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. ஒவ்வொரு மாநிலச் சட்டசபையும் ஒரே வாசகத்தைச் சட்டமாக நிறைவேற்றவேண்டும். கொலராடோ ஆற்றுத் தண்ணீரை மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்ட 1922 ஒப்பந்தமும் இந்த வகைதான். தண்ணீர் விஷயத்தில் ஒன்று கூடினவர்கள் உப்பு விஷயத்தில் கூடுவதற்கு நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

டயட்டீஷியன் ஒப்பந்தத்தை எழுதக் காசு கொடுத்தது யார் தெரியுமா? ராணுவ இலாகா! சிப்பாய்க்கு மாற்றல் வந்தால் மனைவியும் மூட்டை கட்டவேண்டும். அவர் நர்ஸோ டயட்டீஷியனோ ஆக இருந்தால் ஒவ்வொரு மாற்றலுக்கும் வேலை போகும். ராணுவத்துக்கு ஆள் நிலைக்கவேண்டுமென்றால் ஆளின் வீட்டுக்காரி சந்தோஷமாக இருக்கவேண்டும் என்பதை அமெரிக்க ராணுவமே ஒப்புக்கொண்டிருக்கிறது. எனக்கு இது கல்யாணமான மறுவாரமே தெரியும்.

* * *

பாட்டி கதை அத்தோடு முடியவில்லை. 'இனி அந்தப் பெண்ணோடுதான் பேசுவேன், வேறு யாரும் வேண்டாம்' என்று அடம் பிடித்துவிட்டார். பேரனுக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். கிளினிக் இருப்பது மெம்ஃபிஸின் கிழக்குக் கோடியில். போய்த் திரும்ப நேரம் போதாது. பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு வாரம் விட்டு ஒரு வியாழக்கிழமை, பாட்டியைக் காரில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டி, மெம்ஃபிஸ் கரையில் முதலில் கிடைத்த பார்க்கிங்கில் வண்டியை நிறுத்துவான். பாட்டி முன்சீட்டில் உட்கார்ந்தபடி வீடியோவில் வருவார்.

என் மகள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: "இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?"

"டென்னசி, ஸ்வீட்டி. வேணும்னா பார்த்துக்கோ" என்று பாட்டி போனைத் திருப்பி ஆற்றைக் காட்டுவாராம். ஆறு வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம் என்று நிரூபிக்க!

இருபது நிமிஷம் பேச்சு. பிறகு பாலம் ஏறி வீடு. இங்கே உட்கார்ந்து சிரிக்கலாம். ஆனால் 78 வயதில், ஓடாத காரில், மெம்ஃபிஸின் ஆகஸ்ட் வெயிலில், ஒரு சட்டத்தின் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, 'இன்றைக்கு நான் என்ன சாப்பிடலாம்?' என்று கேட்கவேண்டியிருந்தது. அதை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

மகள் ஆர்கன்ஸா லைசென்ஸுக்கும் தனியாக விண்ணப்பித்தாள். ஒரே ஒரு பாட்டிக்காக. கட்டணம், பாரம், மறுபடி முத்திரை உறை. நாங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் லைசென்ஸ் வந்தது. முதல் வீடியோவில் பாட்டி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். "பார்க்கிங் லாட்டை விட இது வசதிதான். ஆனா ஆத்தைப் பார்க்க முடியலையே ஸ்வீட்டி" என்றாராம்.

* * *

போன வருஷம், 2025-ல், மறுபடி மெம்ஃபிஸ் போனேன். மகள் வாசலிலேயே சேதி சொன்னாள். 2024-ல் நெப்ராஸ்கா, அலபாமா, அவளுடைய டென்னசி மூன்றும் டயட்டீஷியன் ஒப்பந்தத்தைச் சட்டமாக்கிவிட்டன. ஏழு மாநிலம் சேர்ந்தால்தான் ஒப்பந்தத்துக்கு உயிர் வரும். 2025-ல் ஏழும் சேர்ந்துவிட்டன! உடனே சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிடுவார்களா என்றால், இல்லை. சேர்ந்த மாநிலங்கள் ஓர் ஆணையம் அமைத்து, விதி எழுதி, எல்லாருக்கும் பொதுவாகக் கணினிப் பதிவேடு தயார் செய்து, அப்புறம்தான் அனுமதி. சேராத மாநிலத்தில் அதுவும் செல்லாது. நர்ஸ் ஒப்பந்தத்திலேயே, கால் நூற்றாண்டு கழித்தும் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் சேரவில்லை. எங்கள் லாரிக்கு 1975-ல் ஆரம்பித்தது 2010-ல் முழுசானது. இவர்கள் கொஞ்சம் வேகமாகவே போவார்கள் என்று நம்புகிறேன்.

அந்த வாரம் மறுபடி சவுத்ஹேவன் கடைக்குப் போனோம். அதே கண்ணாடிப் பெட்டி, அதே டோனட். நான் கையை நீட்டவில்லை, சத்தியமாக. கண்ணால் மட்டும் பார்த்தேன்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "என்னப்பா, இது மிசிசிப்பியாச்சே, சட்டம் பேசலையா?" என்றாள். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

"இல்ல சாமி. நீ எந்த ஊர் மண்ணுல நின்னு சொன்னாலும் எனக்குச் செல்லும்" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. சரி, இளகிவிட்டாள், பாதி டோனட்டாவது தேறும் என்று நினைத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீரைக்கட்டு இரண்டை எடுத்து என் கூடையில் போட்டாள்.